தேய்மானமும் தரமும்: பிரித்தானிய வெள்ளி நாணயங்களைத் தரப்படுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

நாணயவியல், வரலாற்றாய்வுக்குத் துணைசெய்யும் துறைகளுள் ஒன்றாக நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வருகின்றது. கல்வெட்டும் ஏடும் மௌனஞ் சாதிக்கும் இடங்களிலே நாணயம் சான்று பகரும் என்பர். இது மறுக்கவியலாத உண்மையே. எனினும், நாணயம் சான்று பகர்வதாக நாம் கொள்ளும் வேளைகளிற் பெரும்பாலும் நம்முடன் பேசுவது அதனை அச்சிட்ட அரசே என்பது மனங்கொளத்தக்கது. மன்னனின் முகம், பட்டப்பெயர், அரச சின்னம், ஆண்டு ஆகிய யாவும் அரசின் கூற்றுக்கள். அந்நாணயத்தை உழைத்துப் பெற்று, எண்ணிக் கொடுத்து, அதனால் வயிறு வளர்த்த மக்களின் கூற்று அதன்மீது எங்கேனும் பதிந்துள்ளதா? பதிந்துள்ளது என்பதே எமது விடை. அது தேய்மானத்திலே பதிந்துள்ளது.

பிரித்தானியாவின் பழைய வெள்ளி நாணயங்களைப் பிரித்துத் தரப்படுத்தும் முறையினை எடுத்துக்கொண்டு, அம்முறையின் பின்னாலுள்ள சமூக உறவுகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நாணயத்தைச் சோதித்துத் தரங் காண்பது தமிழ் மரபு அறியாததொன்றன்று. சங்கப் புலவர் சிலரின் பெயர்களோடு இணைந்து வரும் 'வண்ணக்கன்' என்னுஞ் சொல் நாணய சோதகனைக் குறிப்பது. 'நாணயம்' என்ற சொல்லே காசையும் நேர்மையையும் ஒருங்கே சுட்டுவதாக நம் மொழியில் அமைந்துவிட்டது. சந்தையிலே பிறந்த ஓர் உறவு ஒழுக்கக் கோட்பாடாக உருமாறுவதற்கு இச்சொல் நல்லதோர் எடுத்துக்காட்டு. இத்தகைய உருமாற்றம் இங்கிலாந்தின் நாணய வரலாற்றிலும் நிகழ்ந்ததைக் கீழே காண்போம்.

2

முதலில் நடைமுறையை நோக்குவாம். ஒரு பெட்டி நிறைய வந்துசேரும் பிரித்தானிய வெள்ளி நாணயங்களைப் பிரிக்க முற்படுபவர் முதலிற் பார்ப்பது ஆண்டினையே. 1919 வரை அச்சிடப்பட்டவை ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி கொண்ட 'ஸ்ரேர்லிங்' நாணயங்கள். 1920 முதல் 1946 வரையிலானவற்றிற் பாதியே வெள்ளி. 1947 முதல் புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளி அறவே இல்லை. அவை செம்பும் நிக்கலுங் கலந்தவை. இவ்வாறு மூன்று குவியல்களாக்கிய பின்னர், கிரவுண், அரைக் கிரவுண், புளோரின், சிலிங், ஆறு பென்சு, மூன்று பென்சு என இனம் பிரிப்பர். நிறையும் நோக்கப்படும். 1816ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அச்சிடப்பட்ட சிலிங் ஒன்று புதிதாக இருக்கையில் 5.65 கிராம் நிறையுடையது. அரைக் கிரவுண் 14.14 கிராம் நிறையுடையது.

இதற்குப் பின்னரே தரப்படுத்தல் தொடங்குகிறது. பிரித்தானிய மரபிலே 'ஃபைன்', 'வெரி ஃபைன்', 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்', 'அன்சேர்க்கியுலேற்றட்' எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றை நாம் முறையே நன்று, மிக நன்று, அதி நன்று, புழங்காதது எனத் தமிழாக்கிக் கொள்ளலாம். உருவத்தின் மிக மேடான பகுதிகளே முதலிலே தேய்வன ஆதலின், அவற்றையே சோதகர் கூர்ந்து நோக்குவர். விக்ரோறியா அரசியின் இளமை உருவம் பொறித்த நாணயமாயின் காதுக்கு மேலுள்ள கூந்தல் இழைகள் தெளிவாக உள்ளனவா, மறுபுறத்துக் கேடயத்தின் நுண்கோடுகள் அழியாதுள்ளனவா என்பன போன்ற வினாக்கள் எழுப்பப்படும். அச்சு சரிவர அழுந்தாமையால் ஏற்பட்ட மங்கலையும் கைபட்டுத் தேய்ந்த மங்கலையும் வேறுபடுத்தி அறிதல் பயிற்சியால் வருவது. கறுத்த நாணயத்தைத் துலக்கிப் பளபளப்பாக்குவது அதன் மதிப்பைக் குறைக்கும் என்பதும் இத்துறையினர் நன்கறிந்த விதி.

இப்படிநிலைகளின் உச்சியிலே நிற்பது 'புழங்காதது' என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். எந்தப் பணியின் பொருட்டு நாணயம் படைக்கப்பட்டதோ அந்தப் பணியை ஒரு நாளேனும் ஆற்றாத நாணயமே தலைசிறந்ததாகின்றது. அப்பணியை அறுபது, எழுபது ஆண்டுகள் ஆற்றிய நாணயம் தரமற்றதாகிக் கடைக்குவியலுக்குச் செல்கின்றது. சேகரிப்பாளனின் இரசனைக் குறைபாடாக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. பயன்பாட்டிலிருந்து பிரிந்த பண்டம் அரும்பொருளாகி, புதியதொரு சந்தையிலே வேறொரு பரிவர்த்தனை மதிப்பைப் பெறும் பொதுவிதியின் ஒரு வெளிப்பாடே இது. ஆனால் இங்கிலாந்தின் வெள்ளி நாணயங்கள் சேகரிப்பாளனின் கையாலே மட்டும் பிரிக்கப்பட்டவையல்ல. அவனுக்கு முன்னரே அரசும் வணிகரும் வங்கியாளரும் அவற்றைப் பலமுறை பிரித்துள்ளனர். ஒவ்வொரு பிரிப்பின்போதும் தேய்மானத்தின் நட்டம் யார் தலையிலே விழுந்தது என்பதே வரலாற்று வினா.

3

இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது 1690களிலாகும். அக்காலத்து இங்கிலாந்திலே இருவகை வெள்ளி நாணயங்கள் ஒருங்கே வழங்கின. ஒருவகை, சம்மட்டியால் அடித்துச் செய்யப்பட்ட பழைய நாணயங்கள். மற்றையது, 1662 முதல் இயந்திரத்தாற் செய்யப்பட்டவை. பின்னவற்றுட் பெரியவற்றின் விளிம்பிலே 'அணியும் அரணும்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் பொறிக்கப்பட்டது. விளிம்பு வெட்டப்படின் எழுத்து அழிந்து வெட்டு வெளிப்பட்டுவிடும். பழைய நாணயங்களுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. ஆகவே அவற்றின் விளிம்புகள் கத்தரிக்கப்பட்டன. நிறைகுறையாத புதிய நாணயங்களைப் பிரித்தெடுத்து உருக்கியோ ஏற்றுமதி செய்தோ இலாபம் பெறுவது வணிகருக்கும் பொற்கொல்ல வங்கியாளருக்கும் எளிதாயிற்று. தேய்ந்ததும் வெட்டுண்டதும் சந்தையிலே எஞ்சின.

திறைசேரிச் செயலாளரான வில்லியம் லவுண்ட்ஸ் 1695இல் அளித்த அறிக்கை இந்நிலையை எண்களால் நிறுவியது. திறைசேரிக்கு வந்த 57,200 பவுண் பெறுமதியான வெள்ளி நாணயங்கள் 220,000 அவுன்சுக்கு மேல் நிறுத்திருத்தல் வேண்டும். ஆனால் அவை 114,000 அவுன்சுக்கும் குறைவாகவே நின்றன. ஏறத்தாழப் பாதி வெள்ளி மறைந்துபோயிருந்தது. நாணயம் உலகிலே நடந்துகொண்டிருந்த மாற்றத்தை ஏற்று, முழுநிறைக் கிரவுணின் பெயரளவு மதிப்பை 60 பென்சிலிருந்து 75 பென்சாக உயர்த்திப் புதிய நாணயம் அச்சிடலாம் என லவுண்ட்ஸ் முன்மொழிந்தார். தத்துவஞானி ஜோன் லொக் இதனை வன்மையாக எதிர்த்தார். வெள்ளியின் அளவே மதிப்பின் அளவு. அதன் பெயரை மாற்றுவது கடன் கொடுத்தவனையும் நிலக்கிழானையும் ஏமாற்றுவதாகும் என்பது அவர் வாதம். பாராளுமன்றம் லொக்கின் பக்கமே நின்றது.

லொக்கின் வாதம் நேர்மையின் மொழியிலே பேசியது. ஆனால் அந்த நேர்மை யாருக்குச் சாதகமாயிற்று என்பதே நமக்கு வேண்டியது. வெட்டுண்ட காசிலே கடன் வழங்கியவர்கள் முழுநிறைக் காசிலே அதனைத் திரும்பப் பெற்றனர். இதனையே கார்ல் மார்க்ஸ் 1859இல் வெளிவந்த அரசியற் பொருளாதார விமர்சன நூலிலே எடுத்துக்காட்டி, லொக்கை எழுச்சிபெற்று வந்த பூர்ஷ்வா வர்க்கத்தின் அனைத்துப் பிரிவினரதும் பிரதிநிதியாக இனங்கண்டார்.

நடைமுறையில் நிகழ்ந்தது யாது? வெட்டுண்ட நாணயங்களை வரியாகச் செலுத்துவோரிடமிருந்து 1696 மே மாதம் 4ஆம் திகதிவரை முழு மதிப்பிலே அரசு ஏற்றுக்கொண்டது. வரி செலுத்தும் அளவுக்குச் சொத்துடையவன் தன் தேய்ந்த காசைத் திறைசேரியின் தலையிலே கட்டித் தப்பிக்கொண்டான். வரி செலுத்துமளவு உடைமையற்ற கூலியாள், தன்னிடமிருந்த சில சிலிங்குகளைக் கழிவு கொடுத்து மாற்றவோ உலோகத்தின் நிறைக்கு விற்கவோ வேண்டியவனானான். அவ்வாண்டுக் கோடையிலே புதிய நாணயம் போதியளவு வந்துசேராமையாற் கூலி கொடுக்கவும் சில்லறை இல்லாதுபோயிற்று. நட்டத்தை ஈடுசெய்யப் புகுத்தப்பட்டதே புகழ்பெற்ற சன்னல் வரி.

லண்டனின் பணிக்கு உதவியாக நோர்விச், யோர்க், செஸ்ரர், பிறிஸ்ரல், எக்செற்றர் ஆகிய ஐந்து நகரங்களிலே கிளை நாணயச்சாலைகள் நிறுவப்பட்டன. அந்நகரங்களின் முதலெழுத்து மன்னனின் உருவத்துக்குக் கீழே பொறிக்கப்பட்டதால், இன்று நாணயங்களைப் பிரிப்போர் அவ்வெழுத்தை ஆவலுடன் தேடுவர். 1696இல் நாணயச்சாலைக் காப்பாளராகப் பதவியேற்ற ஐசக் நியூற்றன் கள்ள நாணயம் செய்வோரை விடாது துரத்தினார். நாணயத்தைக் கத்தரிப்பது இராசத் துரோகமாகும். ஆணுக்குத் தூக்கு, பெண்ணுக்குத் தீ எனத் தண்டனை இருந்தது. வணிகன் எடைபார்த்து உருக்கியதும் ஏழை விளிம்பை வெட்டியதும் ஒரே பொருளாதார முரண்பாட்டின் இரு விளைவுகள். சட்டம் இரண்டையும் தடைசெய்திருந்தபோதும் தூக்குமேடையை அடைந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினரே.

4

பதினெட்டாம் நூற்றாண்டின் வெள்ளி நாணயங்களைப் பிரிப்பவர், மன்னனின் உருவத்தின் கீழும் மறுபுறத்திலும் சிறிய அடையாளங்கள் சில இருத்தலைக் காண்பர். அவை வெள்ளி எங்கிருந்து வந்ததெனக் கூறுவன. இறகுச் சின்னம் வேல்ஸ் சுரங்கங்களைக் குறிக்கும். 1723ஆம் ஆண்டுச் சிலிங்குகளிலே காணப்படும் எழுத்துக்கள் தென்கடற் கம்பனியைக் குறிப்பன. ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஸ்பானிய அமெரிக்காவுக்கு விற்கும் ஒப்பந்தத்தைப் பெற்றிருந்த கம்பனி அது. 1745, 1746ஆம் ஆண்டு நாணயங்களிலே உள்ள 'லீமா' என்ற சொல், கடலிலே ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட வெள்ளியை நினைவூட்டுவது. அந்த வெள்ளியின் தாயகமான தென்னமெரிக்கச் சுரங்கங்களிலே 'மித்தா' எனப்பட்ட கட்டாய உழைப்பு முறை பழங்குடி மக்களை வதைத்துக்கொண்டிருந்தது. விலைப்பட்டியல்களிலே இவ்வடையாளங்கள் அருமைப்பாட்டின் குறிகளாக மட்டுமே இடம்பெறுகின்றன. வரலாற்று மாணவனுக்கோ அவை மூலதனத்தின் ஆதித் திரட்சி தானே இட்டுச்சென்ற கையொப்பங்கள்.

1717இல் பொன் கினியின் மதிப்பு 21 சிலிங்காக நிர்ணயிக்கப்பட்டமையால் இங்கிலாந்திலே வெள்ளி குறைமதிப்புக்குள்ளாயிற்று. நல்ல நிறையுள்ள வெள்ளி கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களிலே இந்தியாவுக்கும் சீனாவுக்கும் பயணமாயிற்று. நாணயச்சாலையோ வெள்ளியை மிக அரிதாகவே அச்சிட்டது. கைத்தொழிற் புரட்சி பல்லாயிரக் கணக்கான தொழிலாளரை ஆலைகளிலே திரட்டிய அதே காலத்தில் அவர்களுக்குக் கூலி கொடுக்கப் போதிய சில்லறை இருக்கவில்லை. 1787 முதல் அங்கிள்சீத் தீவின் பாரிஸ் சுரங்கக் கம்பனி போன்ற முதலாளிமார் தாமே செப்புக் காசுகளை வெளியிட்டனர். 1797இல் ஸ்பானிய டொலரின்மீது மூன்றாம் ஜோர்ஜின் சிறு தலையை முத்திரையிட்டு வழங்கவும் வேண்டியதாயிற்று. அன்றைய சிலிங்குகள் பல முகமும் எழுத்தும் அழிந்த வெறுந் தகடுகளாயிருந்தன. முகமற்ற தகடும் சிலிங்காகச் செலாவணியாயிற்று என்பது கோட்பாட்டளவிலே முக்கியமானது. புழக்கமே நாணயத்தை அதன் உலோகத்திலிருந்து பிரித்து வெறும் அடையாளமாக்கிவிடுகிறது என்று மார்க்ஸ் பின்னர் விளக்கியதை ஆங்கிலேயத் தொழிலாளரின் சட்டைப்பை முன்னரே மெய்ப்பித்துவிட்டது.

1816ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையைச் சட்டபூர்வமாக்கியது. முன்னர் ஒரு றோய் இறாத்தல் வெள்ளியிலிருந்து 62 சிலிங்குகள் அச்சிடப்பட்டன, இனி 66. நாற்பது சிலிங்குக்கு மேற்பட்ட கொடுப்பனவுக்கு வெள்ளி செல்லாது. பொன்னே மதிப்பின் அளவுகோலாயிற்று. 1817 பெப்ரவரி 13 முதல் இரு வாரங்களிலே பழைய வெள்ளி நாணயங்கள் பெயரளவு மதிப்பிலேயே மாற்றிக் கொடுக்கப்பட்டன. 1696இன் பாடத்தை ஆளும் வர்க்கம் கற்றிருந்தது. நீராவி இயந்திரத்தால் அச்சிடப்பட்ட இப்புதிய நாணயங்களுடனேயே இன்று நம் கையில் அகப்படும் பெரும்பாலான சேகரிப்புக்கள் தொடங்குகின்றன.

இதன்பின் உலோகங்களுக்கிடையே ஒரு வர்க்கப் படிநிலை தெளிவாயிற்று. பொன் செல்வந்தனின் நாணயம். வெள்ளி வாரக்கூலியின் நாணயம். செம்பு அன்றாடம் ரொட்டி வாங்கும் நாணயம். டோர்செற் பகுதியின் ரொல்படில் கிராமத்துப் பண்ணைத் தொழிலாளர் 1834இல் ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்றதற்கு மூலகாரணம், வாரக்கூலி ஒன்பது சிலிங்கிலிருந்து எட்டாகவும் ஏழாகவும் குறைந்து ஆறாகிவிடும் என்ற அச்சுறுத்தலே. 1889 ஓகஸ்ற்றில் லண்டன் துறைமுகத் தொழிலாளர் ஐந்து வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தது, மணிக்கு ஐந்து பென்சாக இருந்த கூலியை ஆறு பென்சாக்குவதற்காக. மக்கள் வழக்கிலே 'ரனர்' எனப்பட்ட அந்தச் சிறிய வெள்ளிக்காசின் பெயரே போராட்டத்தின் பெயராயிற்று. அவர்கள் வென்றனர். குறைந்தது நான்கு மணிநேர வேலை என்ற கோரிக்கையும் வென்றது. அதாவது ஒருமுறை வேலைக்கு எடுத்தால் ஒரு புளோரினேனும் கொடுத்தாக வேண்டும்.

1889ஆம் ஆண்டைத் தாங்கிய ஆறு பென்சு ஒன்றைத் தரம் பிரிப்பவர் முன் இருவகை நாணயங்கள் வரலாம். ஒன்று, அச்சிட்ட நாள்முதல் மேசையறையிலே உறங்கியது. மற்றொன்று, அரசியின் சிறு கிரீடமும் கூந்தலும் மழுங்கி, எழுத்துக்கள் மட்டும் எஞ்சியது. முன்னதன் அழகை நாம் மறுக்கவில்லை. அச்சுக்கலையை ஆராய அதுவே வேண்டும். ஆனால் 'ரனர்' என்று சொல்லிப் போராடிய மக்களின் கைகளுக்கு ஊடாகச் சென்றிருக்கக்கூடியது பின்னதே. சிறிய நாணயம் பெரியதைவிட வேகமாகக் கைமாறுவதால் விரைவிலே தேய்கிறது. கிரவுண்கள் பெருமளவில் நல்ல தரத்திலும் மூன்று பென்சும் ஆறு பென்சும் பெருமளவிலே மழுங்கிய நிலையிலும் நமக்குக் கிடைப்பது தற்செயலன்று.

5

இவ்வரலாறு நம் நாட்டையும் தொட்டுச்செல்கிறது. 1825இல் இலங்கையின் றிக்ஸ்டொலர் ஒரு சிலிங் ஆறு பென்சாக மதிப்பிடப்பட்டு, பிரித்தானிய நாணய முறை இங்கு புகுத்தப்பட்டது. ஒரு றிக்ஸ்டொலருக்குப் பன்னிரண்டு பணம். எனவே ஒரு பணம் ஒன்றரைப் பென்சாயிற்று. 1834க்கும் 1862க்கும் இடையிலே பல்வேறு ஆண்டுகளில் அச்சிடப்பட்ட, ஒரு கிராமுக்கும் குறைந்த நிறையுடைய ஒன்றரைப் பென்சு வெள்ளிக்காசு பிரித்தானியாவிலே புழங்கவில்லை. இலங்கை, ஜமேக்கா போன்ற குடியேற்ற நாடுகளுக்கே அது அனுப்பப்பட்டது. நாணயத் தொகுப்புக்களிலே பிரித்தானிய வெள்ளியின் வரிசையில் அது அடங்கியிருப்பினும், அதனைத் தேய்த்த கைகள் இங்குள்ளவையும் மேற்கிந்தியத் தீவுகளிலே உள்ளவையுமாகும். ஒரே மன்னன் முகத்தின் கீழே எத்தனை வகையான உழைப்பு மறைந்துகிடக்கிறது என்பதற்கு அது சான்று.

6

1816இன் ஏற்பாட்டிலே ஓர் எல்லை பொதிந்திருந்தது. 66 சிலிங்குக்கு ஓர் இறாத்தல் என்பதன் பொருள், நாணயத்திலுள்ள ஓர் அவுன்ஸ் வெள்ளி 66 பென்சாகச் செல்லும் என்பதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வெள்ளியின் சந்தை விலை 30 பென்சுக்கும் கீழே இறங்கியபோது, சிலிங்கிலிருந்த உலோகம் அதன் முகமதிப்பிற் பாதிக்கும் குறைவே பெற்றது; இடைவெளி அரசின் இலாபமாயிற்று. முதலாவது உலகப்போரின் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 1920 பெப்ரவரியிலே விலை 89½ பென்சை எட்டியது. காசு தன் பெயரைவிட அதிகம் பெறுமதியானது. அரசு உடனே சட்டமியற்றி வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது. அக்கலவையின் நிறம் நிலைக்காமையால் அதனைப் பின்னர் மாற்றவும் நேர்ந்தது. 1920களின் நாணயங்கள் சில மஞ்சள் படிந்து காணப்படுவது இதனாலேயே. இரண்டாவது உலகப்போரிலே ஐக்கிய அமெரிக்காவிடமிருந்து கடனாகப் பெற்ற வெள்ளியைத் திருப்பிக் கொடுக்கும் பொருட்டு 1946ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய வெள்ளியையும் நீக்கியது. ஆங்கிலேயத் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்த வெள்ளி அமெரிக்கத் திறைசேரிக்குச் சென்றமை, உலக முதலாளித்துவத்தின் தலைமை கைமாறியதன் கண்கூடான குறியீடாகும்.

1971இல் தசம நாணயமுறை வந்தபின் பழைய வெள்ளி முற்றாகச் சேகரிப்பாளரிடமும் உலோக வணிகரிடமும் ஒப்படைக்கப்பட்டது. இங்கேதான் தரப்படுத்தல் மீண்டும் வரலாற்று விளைவுடைய செயலாகின்றது. 1980 சனவரியிலே வெள்ளியின் விலை அவுன்சுக்கு 50 டொலரை நெருங்கியபோதும், 2011இல் மீண்டும் அவ்வெல்லையை அண்மித்தபோதும், உலோகத்தின் பெறுமதிக்கு மேல் விலை பெறாத நாணயங்கள் உலைக்குரியனவாயின. 'நன்று' என்ற தரத்துக்கும் கீழ்ப்பட்டவை கிலோக் கணக்கிலே நிறுக்கப்பட்டு உருகின. உயர்தரமானவை உறையிலிடப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. இதே போக்கு நீடிப்பின், பின்வரும் தலைமுறையின் கையில் எஞ்சப்போவது உழைக்கும் மக்களின் கைபடாத நாணயங்களின் தொகுதியே. அதனைக் கொண்டு அக்காலத்தை மதிப்பிடுபவர், கிரவுண்களும் மாசற்ற சிலிங்குகளும் நிறைந்த ஒரு சமுதாயத்தையே கற்பனை செய்வர். ஏட்டுச் சுவடிகளிலே பொன்னெழுத்துப் பிரதிகளை மட்டும் காத்து, பள்ளிப் பிள்ளைகள் படித்துக் கிழிந்த பிரதிகளை எரித்துவிட்டு இலக்கிய வரலாறு எழுத முற்படுவதற்கு இது ஒப்பானது.

7

இதனால், தரப்படுத்தலைக் கைவிடல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. தேய்மானத்தைப் படிப்படியாக அளந்தறியும் கண்ணைச் சேகரிப்பாளரே வளர்த்துள்ளனர். அக்கண் நமக்கும் தேவை. தேய்ந்த நாணயத்தை மட்டும் புனிதப்படுத்துவதும் எதிர்த்திசையிலான அதே தவறாகும். வேண்டப்படுவது, அளவுகோலை அதன் விலைப்பட்டியலிலிருந்து விடுவித்து வரலாற்றின் கருவியாக்குதலே. ஒரு தொகுதியைப் பிரிக்கும்போது ஆண்டு, இனம், தரம் ஆகியவற்றோடு ஒவ்வொன்றின் நிறையையும் குறித்துவைத்தல் அவசியம். எத்தனை நாணயம் எந்தத் தரத்திலே இருந்தது, அவை ஒன்றாகக் கிடைத்தனவா, எங்கே கிடைத்தன என்பனவும் பதியப்படல் வேண்டும். ஸ்ரான்லி ஜெவன்ஸ் 1868இல் புழக்கத்திலிருந்த பொன் நாணயங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து நிறுத்து, எவ்வளவு காலத்திலே எவ்வளவு தேய்கிறது எனக் கணித்தார். அவர் நோக்கம் வங்கியாளரின் நோக்கம். ஆயினும் முறை நம் நோக்கத்துக்கும் ஏற்றது. உலைக்குப் போகவேண்டியவைதாமெனினும், போகுமுன் எண்ணி நிறுத்துப் பதிந்துவிட்டால் அவற்றின் சாட்சியம் எஞ்சும்.

மன்னரின் முகத்தைப் பொறித்த அச்சு ஒரு கணத்தில் விழுந்தது. அம்முகத்தை மெல்ல மெல்ல அழித்தவை இலட்சக்கணக்கான கைகள். சம்பள நாளிலே காசை எண்ணிப் பெற்றவையும், மறுநாளே வாடகைக்கும் ரொட்டிக்கும் அதனைக் கொடுத்தவையும் அவையே. எந்த ஆவணத்திலும் பெயர் பதியப்பெறாத அம்மக்கள் தம் வாழ்வின் தடத்தை விட்டுச்சென்ற மிகச் சில இடங்களுள் இது ஒன்று. அதனைக் 'குறை' என்று மட்டும் பட்டியலிடுவது ஆய்வாளனுக்கு அழகன்று.